அழாத அம்மாவை அழவைத்தவர்கள்

இந்த எபிசோடுக்கு ஒரு படம் தேவைப்படும். ரோகியர் வான் டெர் வெய்டன் வரைஞ்ச ‘சிலுவையிலிருந்து இறக்குதல்’. மாட்ரிட்ல பிராடோ மியூசியத்துல இருக்கு. போன்ல தேடி எடுத்து வச்சுக்கோங்க. பஸ்ல நின்னுக்கிட்டே கேக்கறவங்க பரவாயில்லை, என்ன இருக்குன்னு நானே சொல்லிடறேன்.

அகலம் இரண்டரை மீட்டருக்கு மேல இருக்கற ஓக் பலகை. அதுல பத்துப் பேர், கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்கு. இறந்துபோன இயேசுவின் உடலைச் சிலுவையிலிருந்து இறக்கிக்கிட்டு இருக்காங்க. முன்னாடி, நீல உடையில அவரோட அம்மா மரியாள். அவங்க நிக்கல, உட்காரவும் இல்லை. மயங்கிச் சரிஞ்சுக்கிட்டு இருக்காங்க. முகம் வெளுத்துப்போச்சு. கண் பாதி மூடியிருக்கு. கன்னத்துல கண்ணீர்த் துளிகள் உருண்டு நிக்குது. ஜூம் பண்ணிப் பாருங்க, ஒவ்வொரு துளியிலும் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி வச்சிருப்பார். 1435 வாக்கில் வரைஞ்சது.

இப்போ பைபிளுக்குப் போவோம். சிலுவைக்குப் பக்கத்துல மரியாள் இருந்தார்னு சொல்றது நாலு நற்செய்திகள்ல யோவான் எழுதினது மட்டும்தான். 19ஆம் அதிகாரம், 25ஆம் வசனம். அங்க மரியாளுக்கு இருக்கற வினைச்சொல் ஒண்ணே ஒண்ணு: நின்றார். அழுதார்னு இல்லை. மயங்கினார்னு இல்லை. மிலான் நகர ஆயராக இருந்த புனித அம்புரோஸ் 4ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனிச்சு எழுதியிருக்கார். நற்செய்தி மரியாள் நின்றதைச் சொல்லுது, அழுததைச் சொல்லலை. அதுதான் அவங்க பெருமைங்கறது அவர் கருத்து.

நம்ம ஆபீஸ் பாஷைல சொன்னா, ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட்ல ‘நின்றார்’னு இருக்கு, டெலிவரி ஆன படத்துல விழுந்துட்டார். இரண்டுக்கும் நடுவுல ஆயிரம் வருஷத்துக்கு மேல. இந்த மாற்றத்தை யார் செஞ்சாங்க, எதுக்குச் செஞ்சாங்க, அதுக்கு யார் சண்டைக்கு வந்தாங்க? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

அம்மா அழணும்னா முதல்ல மகன் சாகணும். கேக்க விசித்திரமா இருக்கும். ஆனா ஓவியங்கள்ல ரொம்ப காலத்துக்கு இயேசு சிலுவையில் சாகவே இல்லை. ரோம்ல சாந்தா சபீனா தேவாலயத்தோட மரக்கதவுல ஒரு சிற்பம் இருக்கு. 5ஆம் நூற்றாண்டு. சிலுவைக் காட்சி உருவமா கிடைச்சிருக்கற ஆரம்பகால உதாரணங்கள்ல ஒண்ணு. அதுல இயேசு கண்ணைத் திறந்துக்கிட்டு நேரா நிக்கிறார். சிலுவைங்கறது ரோமானியர்கள் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் கொடுத்த தண்டனை. அந்த அவமானத்துல கடவுளைக் காட்டணும்னா, அவர் அதை ஜெயிச்சவராத்தான் காட்ட முடிஞ்சது.

இத்தாலியில 12ஆம் நூற்றாண்டுலயும் இதே கதைதான். அப்போ பெரிய மரச்சிலுவை செஞ்சு அதுமேலேயே இயேசுவை வரைஞ்சு தேவாலயத்துல உயரமா மாட்டற வழக்கம். அசிசி நகரத்துல புனித கிளாரா பேராலயத்துல இருக்கற சான் தமியானோ சிலுவை அந்த வகை. தங்கப் பின்னணி. உடம்பு தளரவே இல்லை. கண் அகலமா திறந்திருக்கு. ஆணியில ரத்தம் வருது, ஆனா முகத்துல வலி இல்லை. பக்கத்துல நிக்கற மரியாளோட கை கன்னத்துக்குப் போகுது. அது பழைய துக்கச் சைகை. நம்ம வீட்லயும் ‘கன்னத்துல கை வச்சு உட்காராதே, என்ன கப்பலா கவுந்துபோச்சு’ன்னு திட்டுவாங்க இல்ல, அதேதான். ஆனா அவங்க முகம்? அமைதி. கை ஒண்ணு சொல்லுது, முகம் இன்னொண்ணு சொல்லுது.

நம்ம இலக்கணத்துல ‘மெய்ப்பாடு’ன்னு ஒரு அழகான வார்த்தை இருக்கு. மனசுல இருக்கறது மெய்யில, அதாவது உடம்புல, வெளிப்படறது. சான் தமியானோ சிலுவையில துக்கத்துக்குக் குறியீடு இருக்கு, மெய்ப்பாடு இன்னும் வரலை. அந்தக் கையைப் படிச்சுத் தெரிஞ்சுக்கணும். பார்த்ததும் தொண்டை அடைக்காது.

மெய்ப்பாடு முதல்ல வந்தது கிழக்குல. பைசாந்தியப் பேரரசுல, கிரேக்க மொழி பேசின கிறிஸ்தவர்கள் மத்தியில, மரியாள் மகன் உடம்பைப் பிடிச்சுக்கிட்டு புலம்பற மாதிரி பிரசங்கங்கள் 9ஆம் நூற்றாண்டுலயே எழுதியிருக்காங்க. புனித வெள்ளி வழிபாட்டுல அம்மா வாயிலிருந்தே வர்ற மாதிரி புலம்பல்கள் உண்டு. தமிழ்ல அதுக்கு ஒரே வார்த்தை போதும்: ஒப்பாரி. அந்தச் சத்தம் மெல்ல மெல்ல சுவருக்கும் வந்தது. இன்னைக்கு வட மாசிடோனியாவுல, ஸ்கோப்யே நகரத்துக்குப் பக்கத்துல நெரேசின்னு ஒரு கிராமம். அங்க 1164-ல் கட்டின சின்ன தேவாலயத்துச் சுவர்ல, மரியாள் தரையில உட்கார்ந்து, மகனோட சடலத்தைத் தன் முழங்கால்களுக்கு நடுவுல வச்சு, கன்னத்தோட கன்னம் ஒட்டி அணைச்சிருக்காங்க. புருவம் நெறிஞ்சு மேல போகுது. வாய் கோணுது. குழந்தை இயேசுவை மடியில வச்சுக் கன்னத்தோட கன்னம் சேர்க்கற மாதா படம் பார்த்திருப்பீங்க. இது அதே அணைப்பு, மகன் மட்டும் வளர்ந்து செத்துப்போயிருக்கார். அன்னைக்கு அந்தச் சுவரைப் பார்த்த ஒரு தாய்க்கு யாரும் விளக்கம் சொல்லியிருக்கத் தேவையில்லை.

1204-ல் நாலாவது சிலுவைப்போர்ப் படை, முஸ்லிம்களோட சண்டை போடறேன்னு கிளம்பி, நடுவழியில கான்ஸ்தாந்தினோபிளைக் கொள்ளையடிச்சது. கிறிஸ்தவர்கள் கிறிஸ்தவர்களையே சூறையாடின கதை, அது தனி எபிசோடுக்கு உரியது. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் கிழக்குப் படங்களும் ஓவிய முறைகளும் பீசா, வெனிஸ் மாதிரி துறைமுகங்கள் வழியா இத்தாலிக்குள்ள வந்துக்கிட்டே இருந்தன.

இங்க ஒரு எச்சரிக்கை. ‘1200 வரைக்கும் கண் திறந்திருந்தது, அப்புறம் மூடிடுச்சு’ன்னு சுத்தமா கோடு போட முடியாது. ஜெர்மனியில கொலோன் பேராலயத்துல 10ஆம் நூற்றாண்டு மரச்சிலுவை ஒண்ணு இருக்கு, கெரோ சிலுவைன்னு பேர். அதுல இயேசு செத்துட்டார், தலை தொங்குது, வயிறு தளர்ந்து பிதுங்குது. வரலாறு ஒரே நாள்ல எல்லா ஊர்லயும் அப்டேட் ஆகறதில்லை. ஆனா இத்தாலியில இது ஒரு அலையா மாறினது 13ஆம் நூற்றாண்டுலதான். மாத்தினவங்க பிரான்சிஸ்கன் துறவிகள்.

புனித பிரான்சிஸ் அசிசி துணி வியாபாரியோட பையன். 1205 வாக்கில் அவர் எந்தச் சிலுவை முன்னாடி நின்னு வேண்டினப்போ இயேசு தன்கிட்ட பேசினதா உணர்ந்தாரோ, அது நான் முன்னாடி சொன்ன அதே சான் தமியானோ சிலுவை. கண் திறந்த இயேசு. 1223 கிறிஸ்துமஸுக்கு கிரெச்சோங்கற ஊர்ல நிஜ மாடு, கழுதை, வைக்கோல் வச்சு இயேசு பிறந்த காட்சியை அமைச்சார். ‘அங்க நடந்ததை இங்க கண்ணால பாக்கணும்’ங்கறது அவர் விருப்பம். அடுத்த வருஷம் அவர் உடம்புலயே இயேசுவோட ஐந்து காயங்களும் தோன்றினதா அவர் சபையினர் பதிவு செஞ்சாங்க. 1226-ல் இறந்துட்டார். பத்து வருஷம் கழிச்சு, 1236-ல், சபையோட தலைவரா இருந்த சகோதரர் எலியா அசிசியில பிரான்சிஸ் பேராலயத்துக்கு ஒரு பெரிய சிலுவை வரையச் சொன்னார். வரைஞ்சவர் ஜுந்தா பிசானோ. அந்தச் சிலுவை இன்னைக்கு இல்லை. ஆனா பொலோஞ்யாவுல சான் தொமெனிக்கோ தேவாலயத்துல ஜுந்தாவோட இன்னொரு சிலுவை இருக்கு. கண் மூடியாச்சு. தலை தோள்ல சாஞ்சாச்சு. உடம்பு ஒரு பக்கமா வில் மாதிரி வளைஞ்சு தொங்குது, எடை தெரியுது. பக்கத்துல முழு உருவமா நின்ன மரியாளும் யோவானும் சிலுவையோட இரண்டு கை நுனிக்கும் நகர்ந்து மார்பளவுப் படமா ஆயிட்டாங்க.

கண் திறந்த சிலுவைகிட்ட பேசினவரோட சீடர்கள்தான் கண் மூடின சிலுவையை ஊர் ஊரா கொண்டுபோனாங்க. இதுல எனக்கு முரண் எதுவும் தெரியலை. பிரான்சிஸ் கேட்டது கடவுள்கிட்ட இருந்து கட்டளை. அவர் சீடர்களுக்கு வேண்டியிருந்தது பிரசங்கம் கேக்க வர்ற கூட்டத்தோட இரக்கம். பெரிய நகரங்கள், லத்தீன் தெரியாத ஜனங்கள். அவங்களுக்குக் கொள்கையை விளக்கறதைவிட வேகமா வேலை செய்யறது ஒரு சடலம்.

இதுக்கு ஒரு கையேடே இருந்தது. 14ஆம் நூற்றாண்டுல பரவின ‘கிறிஸ்துவின் வாழ்க்கை பற்றிய தியானங்கள்’ங்கற நூல். ரொம்ப நாள் புனித பொனவெந்தூரா எழுதினதா நம்பினாங்க, அது அவரோடது இல்லை. புனித கிளாரா சபையைச் சேர்ந்த ஒரு கன்னியாஸ்திரிக்கு ஒரு பிரான்சிஸ்கன் துறவி வழிகாட்டற மாதிரி எழுதினது. ஒவ்வொரு காட்சியிலும் அது சொல்றது: நீயும் அங்க இருக்கறதா நினைச்சுக்கோ, பாரு, கேளு, கூட அழு. நற்செய்தி சொல்லாத இடத்தை எல்லாம் கற்பனையால நிரப்புது. இயேசுவின் விலாவுல ஈட்டி பாயற இடத்துல, மரியாள் பாதி உயிர் போனவராகச் சரிஞ்சு மகதலா மரியாவோட கையில விழறார். பாருங்க, ‘நின்றார்’ங்கற சொல்லைத் தாண்டிட்டோம். அதே காலத்துல பரவின புகழ்பெற்ற லத்தீன் பாட்டான ‘ஸ்தாபாத் மாத்தெர்’ இன்னும் யோவானை விடலை. அந்தப் பேருக்கு அர்த்தமே ‘தாய் நின்றார்’. அங்க அவர் நின்னுக்கிட்டே அழறார். நூல் விழவைக்குது, பாட்டு நிக்கவைக்குது.

சரி, இத்தாலியின் உச்சத்துக்கு வருவோம். படுவா நகரம், ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயம், 1305 மார்ச் 25 அன்னைக்கு அர்ப்பணிச்சது. உள்ளே சுவர் முழுக்க ஜொத்தோவோட ஓவியங்கள். அதுல ‘புலம்பல்’ காட்சி. ஒரு பாறை மேல வலது மூலையிலிருந்து கீழே இடது மூலைக்குச் சரியுது. அந்தச் சரிவைக் கண்ணால பிடிச்சுக்கிட்டு இறங்கினா நேரா இரண்டு முகத்துல போய் நிப்பீங்க. செத்த மகன், அவரை அணைச்சு உத்துப் பாக்கற அம்மா. யோவான் இரண்டு கையையும் பின்னாடி வீசி, முன்னாடி குனியறார். வானத்துல சின்னச் சின்ன வானதூதர்கள், ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதமா கதறிக்கிட்டு. பாறை உச்சியில ஒரு பட்டுப்போன மரம். இது குறியீடு. ஆதாம் பாவம் செஞ்சப்போ வாடினதா சொல்ற மரத்தை நினைவுபடுத்துது. இப்போ அது வெறும் பின்னணியில ஒரு ஓரம்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது முதுகுகள். முன்னாடி தரையில இரண்டு பேர் முழுக்க முக்காடு போட்டு நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்காங்க. ஒருத்தர் முகமும் தெரியாது. அதுக்கு முன்னாடி இருந்த ஓவியங்கள்ல முக்கியமானவங்க முகம் பெரும்பாலும் நமக்குத் தெரியற மாதிரியே இருக்கும். இங்க இரண்டு பேருக்கு நம்மளப் பத்திக் கவலையே இல்லை. சாவு வீட்டுக்குள்ள தாமதமா நுழைஞ்சா முதல்ல தெரியறது உட்கார்ந்து அழறவங்க முதுகுதானே. நாம அந்த வாசல்ல நிக்கறோம்.

ஆனா இந்தச் சிற்றாலயத்தைப் பணம் போட்டுக் கட்டினது யார்? என்ரிகோ ஸ்க்ரோவெஞ்ஞி. அவரோட அப்பா ரெஜினால்தோ பெரிய வட்டிக்காரர். எவ்வளவு பேர் போனவர்னா, தாந்தே தன் ‘நரகம்’ நூலோட 17ஆம் பகுதியில வட்டிக்காரங்க நடுவுல, கழுத்துல தொங்கற பணப்பையில இருக்கற குடும்பச் சின்னத்தை வச்சு அடையாளம் தெரியற மாதிரி அவரை உட்கார வச்சிட்டார். வட்டிக்குக் கொடுக்கறது அன்னைக்குத் திருச்சபை சட்டப்படி பாவம். அப்பாவோட பாவத்துக்குப் பரிகாரமா மகன் கட்டினார்னு பொதுவா சொல்லுவாங்க. அப்படி முழுசா சொல்லிட முடியாதுன்னு வாதாடற ஆய்வாளர்களும் உண்டு. எப்படியோ, கடைசித் தீர்ப்பு சுவர்ல என்ரிகோ மண்டியிட்டு மாதாகிட்ட ஆலயத்தோட மாதிரியை நீட்டறார். அதே சுவர்ல, நரகத்துல, பணப்பைக் கயித்துலயே தொங்கற ஆட்கள். பக்கத்து மடத்துல இருந்த அகுஸ்தீன் சபைத் துறவிகள் 1305 ஜனவரியிலேயே புகார் கொடுத்துட்டாங்க: இது கடவுள் மகிமைக்காக இல்லை, பகட்டுக்காகக் கட்டறதுன்னு. ஆக, ஐரோப்பிய ஓவியத்துலயே ரொம்ப உண்மையான அழுகைன்னு நாம சொல்ற படத்துக்குப் பின்னாடி வட்டிப் பணம் நிக்குது. அழுகை அதனால பொய் ஆயிடுமா? எனக்கு அப்படித் தோணலை. ஆனா சுவரைப் பாக்கறப்போ அந்தப் பணப்பையும் கூடவே கண்ணுல படுது.

குறியீடுகள் பத்தி இன்னும் கொஞ்சம். சிலுவை அடியில ஒரு மண்டை ஓடு கிடந்தா அது ஆதாமோடது. ஆதாமைப் புதைச்ச இடத்துலயே சிலுவை நட்டாங்கன்னு ஒரு பழைய நம்பிக்கை. சிலுவை உச்சியில பறவைக் கூடு இருந்தா அது பெலிக்கன், நம்ம ஊர் கூழைக்கடா. தன் மார்பைக் கொத்தி ரத்தத்தால குஞ்சுகளைக் காப்பாத்தும்னு நம்பினாங்க, அதனால இயேசுவுக்கு அடையாளம். மாதாவோட நீலம் விலையில பேசற குறியீடு. மிக நல்ல நீலம் லாபிஸ் லாசுலிங்கற கல்லை அரைச்சு எடுக்கறது. அது ஆப்கானிஸ்தானோட பதக்‌ஷான் மலையிலிருந்து வரணும். ‘அல்ட்ராமரின்’னாலே ‘கடலுக்கு அப்பாலிருந்து’ன்னு அர்த்தம். படத்துக்குப் பணம் கொடுக்கறவங்க ஒப்பந்தத்துலயே நீலத்தோட தரத்தை எழுதி வாங்குவாங்க. சுவர் ஓவியத்துல வேற ஒரு சிக்கல். ஈரச் சுண்ணாம்புல மத்த நிறங்கள் ஊறிப் பிடிச்சுக்கும். மலிவான நீலமான அசுரைட் அதுல ஒத்துவராது, காஞ்சப்புறம் மேல பூசணும், நாளாக ஆக உதிரும். படுவாவுல இயேசு பிறக்கற காட்சியில மாதாவோட மேலாடையில நீலம் பெரும்பகுதி போயிடுச்சு.

இப்போ ரோகியருக்குத் திரும்புவோம். அவர் காலம் வேற, ஊர் வேற. இன்னைக்கு பெல்ஜியத்துல இருக்கற லூவன் நகரம். படத்துக்குச் சொன்னவங்க அந்த ஊர்க் குறுக்குவில் வீரர்களின் சங்கம். குறுக்குவில்னா விசையை அழுத்தி அம்பு விடற வகை. படத்தோட மேல் மூலைகள்ல அலங்காரச் சட்டத்துல சின்னச் சின்னக் குறுக்குவில்கள் தொங்குது பாருங்க. ஸ்பான்சர் லோகோ!

படத்துல வானம் இல்லை, மலை இல்லை. பின்னாடி தங்கச் சுவர். ஆழமில்லாத ஒரு பெட்டிக்குள்ள பத்துப் பேர் நெருக்கியடிச்சு நிக்கற மாதிரி, மரச்சிற்பத்துக்கு உயிர் வந்த மாதிரி இருக்கு. இப்போ இயேசுவோட உடம்பு எப்படி வளைஞ்சிருக்குன்னு விரலால கோடு போட்டுப் பாருங்க. தலை, தோள், இடுப்பு, முழங்கால். அப்புறம் மரியாளோட உடம்பு. அதே கோடு. ஒரு கை தளர்ந்து தொங்கறது, இன்னொரு கையை மத்தவங்க தாங்கறது எல்லாம் அப்படியே. மகனுக்கு நடந்தது அம்மா உடம்புலயும் நடக்குது. இங்க மயக்கமே ஒரு குறியீடு. உணர்ச்சி தனியா, குறியீடு தனியான்னு பிரிக்க முடியாத இடம் இதுதான். தொங்கற அவங்க வலது கைக்குக் கீழே கிடக்கறது ஆதாமோட மண்டை ஓடு.

இந்த வளைவுக்குப் பின்னாடி ஒரு இறையியல் இருக்கு. குழந்தை இயேசுவைக் கோயிலுக்குக் கொண்டுபோனப்போ, உன் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும்னு முதியவர் சிமியோன் மரியாள்கிட்ட சொல்றது லூக்கா நற்செய்தியில வருது. நம்ம ஊர் கத்தோலிக்கக் கோயில்கள்ல வியாகுல மாதா இதயத்துல வாளோட இருக்கறது அதனாலதான். இன்னொரு நம்பிக்கை, மரியாளுக்குப் பிரசவ வலி இல்லைங்கறது. 12ஆம் நூற்றாண்டுல தோய்ட்ஸ் மடத்து ரூபர்ட் இதை மேலும் கொண்டுபோனார். பெத்லகேம்ல வராத வலி முழுசும் சிலுவையடியில வந்தது, அங்கதான் அவங்க எல்லா மனுஷங்களுக்கும் தாய் ஆனாங்கன்னு எழுதினார். இதை மனசுல வச்சுக்கிட்டு அந்தப் படத்தை மறுபடி பாருங்க. இரண்டு பக்கமும் ஆட்கள் தாங்கிப் பிடிச்ச, நினைவு தப்பற ஒரு பெண். பிரசவ அறையும் சாவு வீடும் ஒரே இடத்துல. குறுக்குவில் வீரர்கள் எல்லாரும் இதைப் படிச்சிருப்பாங்கன்னு சொல்ல மாட்டேன். படிக்காதவங்களுக்கும் அந்த உடம்பு வேலை செஞ்சிருக்கும்.

இப்போ சண்டைக்கு வருவோம். மயங்கிய மாதாவுக்குப் பக்தி வளர்ந்து, அதுக்குன்னு திருவிழாவே பல இடத்துல கொண்டாட ஆரம்பிச்சாங்க. திருச்சபை முழுமைக்கும் அதை அங்கீகரிக்கணும்னு ரோமுக்குக் கோரிக்கை போனது. இரண்டாம் ஜூலியஸ் போப்பா இருந்த காலம். 1506-ல் கயெத்தான்ங்கற தொமினிக்கன் இறையியலாளர் பதில் எழுதினார். பன்னிரண்டு வருஷம் கழிச்சு ஆக்ஸ்பர்க் நகரத்துல மார்ட்டின் லூதரை விசாரிச்சாரே, அதே கயெத்தான்தான். பதில்: கூடாது. யோவான் ‘நின்றார்’னு எழுதியிருக்கார். மயக்கம்னா அறிவு வேலை செய்யாத நிலை. மரியாள் முழு நினைவோட அந்தத் துயரத்தைத் தாங்கினதுதான் உயர்ந்தது, மயங்கினா அது உடம்போட குறை. அந்தத் திருவிழாவுக்கு அங்கீகாரம் கிடைக்கலை.

அவர் வாதத்தைச் சாதாரணமா தள்ளிட முடியாதுன்னு நினைக்கிறேன். மயங்கினவங்களுக்கு அந்த நேரத்துக்கு வலி தெரியாது. நினைவோட நிக்கறவங்களுக்குத்தான் முழு வலியும். ஒரு விதத்துல அம்மாவோட துக்கத்தை அவர் அதிகமாவே மதிக்கிறார். ஆனா இன்னொரு பக்கம், துக்கத்துல ஒரு பெண் எப்படி இருந்தா மரியாதைன்னு தீர்ப்பு சொல்ற குரலும் அதுல கேக்குது. துக்க வீட்ல ‘கல்லு மாதிரி நிக்கறா பாரு’ன்னும் பேசுவாங்க, ‘ரொம்ப ஓவரா அழறா’ன்னும் பேசுவாங்க. எந்தப் பக்கம் போனாலும் கணக்கு எடுக்க ஆள் இருக்கு.

1563-ல் திரெந்து பொதுச்சங்கம் முடிஞ்சப்புறம் பிடி இறுகுது. திருவோவியங்கள்ல தப்பான கருத்து வரக்கூடாதுன்னு சட்டம். 1570-ல் யோகன்னஸ் மொலானுஸ்ங்கற பேராசிரியர் ஓவியங்கள் பத்தி ஒரு நூல் வெளியிட்டார். மாதாவை மயங்கி விழற மாதிரி வரையறதை அவரும் கண்டிச்சார். அவர் எந்தப் பல்கலைக்கழகம் தெரியுமா? லூவன். ரோகியரோட படம் இருந்த அதே ஊர். ஆனா அப்போ படம் அங்க இல்லை. ஹங்கேரியின் ராணி மரியா, ஒரு நகல் ஓவியத்தையும் தேவாலயத்துக்கு ஒரு ஆர்கனையும் கொடுத்து அசலை வாங்கிட்டாங்க. அப்புறம் அது அவங்க அண்ணன் மகன், ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப் கைக்குப் போய், எஸ்கோரியால் அரண்மனை மடத்துல மாட்டினாங்க. கத்தோலிக்க ஒழுங்குல அவ்வளவு கண்டிப்பான அரசர், விழுந்த மாதாவை வச்சுக்கறதுல அவருக்கு ஒரு பிரச்சனையும் இருக்கலை.

கடைசியா ஒரே ஒரு படம். கயெத்தான் எழுதி ஆறு வருஷம் கழிச்சு ஆரம்பிச்சது. இன்னைக்கு பிரான்ஸ்ல, கோல்மார் நகர உன்டர்லிண்டன் மியூசியத்துல இருக்கற ஈசன்ஹைம் பலிபீட ஓவியம். மத்தியாஸ் கிரூனெவால்ட், 1512 முதல் 1516 வரை. இது அரண்மனைக்கோ சங்கத்துக்கோ வரைஞ்சது இல்லை. அந்தோனியார் சபைத் துறவிகள் நடத்தின மருத்துவ மடத்துக்கு. அங்க வந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ‘புனித அந்தோனியார் நெருப்பு’ங்கற நோய். ரை தானியத்துல வளர்ற ஒரு பூஞ்சை ரொட்டி வழியா உடம்புக்குள்ள போய், ரத்தக் குழாய்களைச் சுருக்கும். கை கால் நெருப்பு பட்ட மாதிரி எரியும், கறுத்துப்போகும், வெட்ட வேண்டி வரும். காரணம் ரொட்டின்னு 17ஆம் நூற்றாண்டுலதான் கண்டுபிடிச்சாங்க. மடத்துல நல்ல ரொட்டி கொடுத்தாங்க, தைலம் தடவினாங்க, அழுகின உறுப்பை வெட்டினாங்க. இந்த ஓவியத்துக்கு முன்னாடி கொண்டுவந்து விட்டாங்க.

நடுவுல சிலுவை. இயேசுவோட தோல் பச்சை பூத்திருக்கு, உடம்பு பூரா முள் தைச்ச புண்கள், விரல்கள் விறைச்சு மேல பாக்குது. வலது பக்கம் திருமுழுக்கு யோவான், ரொம்ப அமைதியா, கையில புத்தகத்தோட நீண்ட விரலால இயேசுவைக் காட்டறார். கதைப்படி யோவான் அப்போ உயிரோடவே இல்லை, ஏரோது முன்னாடியே தலையை வெட்டியாச்சு. அவர் காலடியில ஒரு ஆட்டுக்குட்டி, அது மார்பிலிருந்து வழியற ரத்தம் கிண்ணத்துல விழுது. அந்தப் பக்கம் முழுக்கக் குறியீடு, விளக்கம், நிதானம். இடது பக்கம் மகதலா மரியா மண்டியிட்டு விரல்களை முறுக்கிக் கதறறார். அவருக்குப் பின்னாடி மரியாள், தலையிலிருந்து கால் வரைக்கும் வெள்ளைத் துணி, முகமும் அதே வெள்ளை, கண் மூடியாச்சு. இளம் சீடர் யோவான் ஒரு கையால பிடிச்சிருக்கார், இல்லைன்னா தரைக்குப் போயிருப்பாங்க.

ரோம்ல என்ன எழுதினாங்கன்னு கிரூனெவால்டுக்குத் தெரியுமா தெரியாதா, அது நம்ம கேள்வி இல்லை. நாளைக்குக் காலை வெட்டப்போறாங்கன்னு தெரிஞ்ச ஒரு ஆள் அந்த மடத்துல படுத்திருக்கார். அவரோட அம்மாவோ மனைவியோ கூட வந்திருக்காங்க. வலது பக்க விரல் அந்த ஆளுக்கு அர்த்தத்தைக் காட்டுது. இடது பக்கம் சரியற பெண் யாருக்குன்னு, கூட வந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

இன்னைக்கு இவ்வளவுதான். மூணு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, படுவா, பிராடோ, கோல்மார் வரிசையில. அடுத்த எபிசோட்ல நடுவுல விட்ட 1204 கொள்ளைக்கு வரேன். பேசுவோம்.